இக்னிஷன் சுவிட்சை மாற்றிய பின் லாக் சிலிண்டரை அதனோடு இசைவாகப் பொருத்துவது எப்படி

இக்னிஷன் சுவிட்சைப் புதிதாக மாற்றிய பிறகு சாவி ‘ஸ்டார்ட்’ நிலைவரை போகவில்லை, போனாலும் தானாகத் திரும்பி வரவில்லை, அல்லது வண்டியை நிறுத்திய பின் சாவியை உருவ முடியவில்லை என்றால், வாங்கிய சுவிட்ச் மட்டமானது என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இருக்கவும் கூடும். ஆனால் அதற்கு முன்பு பார்க்க வேண்டிய காரணம் வேறு: லாக் சிலிண்டர் (சாவி நுழைந்து சுழலும் பூட்டு) ஒரு நிலையிலும் சுவிட்சின் உள்ளே சுழலும் பகுதி இன்னொரு நிலையிலும் இருக்கும்போது இரண்டும் இணைக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் எவ்வளவு நல்ல பாகத்தைப் பொருத்தினாலும் வண்டி சரியாக இயங்காது. சாவியைப் பலமாகத் திருகத் திருக, நன்றாக இருந்த பாகமும் உடைந்துபோகும்.

இந்த வேலையைப் பொதுவாகச் சொன்னால் கைக்கு உதவாது என்பதால், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் நான்காம் தலைமுறைக் காரையும், அதே அடித்தளத்தில் உருவான முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவையும் எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஆக்டேவியா 2001 முதல் அவுரங்காபாத் ஆலையில் இருந்து வெளிவந்தது என்பதால், நம் ஊர்ச் சாலைகளிலும் பழைய கார் சந்தையிலும் அது இன்றும் கண்ணில் படுகிறது. இந்தக் குடும்பத்துக் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் தேய்வது பழக்கமான கோளாறு. மற்ற கார்களில் பாகங்களின் வடிவம் மாறினாலும், இங்கே சொல்லப்படும் முறையின் அடிப்படை மாறாது. அமெரிக்காவின் பழைய கார்களில் மட்டும் அமைப்பே வேறு. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

உள்ளே இருப்பவை

சாவி நுழையும் இடத்தில் மூன்று வெவ்வேறு பாகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. முன்னால் இருப்பது லாக் சிலிண்டர். சரியான சாவி நுழைந்தால் மட்டும் சுழல அனுமதிப்பது அதன் வேலை. நடுவில் உலோக வார்ப்பாலான உறை. ஸ்டியரிங் தண்டைப் பூட்டும் இரும்பு நாக்கு அதற்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. கடைசியில், கம்பிகள் வந்து சேரும் பிளாஸ்டிக் பெட்டியே மின் சுவிட்ச். பேச்சு வழக்கில் இந்த மூன்றையும் சேர்த்தே இக்னிஷன் சுவிட்ச் என்று சொல்லிவிடுகிறோம். கடையில் பாகம் கேட்கும்போது இதனால் குழப்பம் வரும். எனவே ‘பின்னால் உள்ள மின் சுவிட்ச் மட்டும்’ என்று தெளிவாகக் கேட்பது நல்லது.

சாவியைத் திருப்பும்போது சிலிண்டரின் பின்முனை சுழன்று, சுவிட்சின் நடுவில் உள்ள காடிக்குள் (நீளவாக்குப் பள்ளத்துக்குள்) அமர்ந்து, அதையும் சேர்த்துச் சுழற்றுகிறது. இந்தக் கார்களில் சாவிக்கு மூன்று நிலைகள்: பூட்டு, ஆன், ஸ்டார்ட். ஜப்பானிய, கொரியக் கார்களில் பூட்டுக்கும் ஆனுக்கும் இடையே ஏசிசி என்று, இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலை ஒன்று கூடுதலாக இருக்கும். இவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு கோணம். சிலிண்டர், ஸ்டியரிங் பூட்டின் நாக்கு, மின் சுவிட்ச் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அந்தக் கோணத்தில் இருந்தாக வேண்டும். அவற்றில் ஒன்று கழற்றி வைத்த நேரத்தில் சற்றே திரும்பிவிட்டாலும் மற்ற இரண்டோடு உள்ள இசைவு போய்விடும்.

மாற்றுவதற்கு முன் வந்த கோளாறும் மாற்றிய பின் வந்த கோளாறும்

தேய்ந்த சுவிட்சின் அறிகுறியும் தவறாகப் பொருத்திய சுவிட்சின் அறிகுறியும் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் பலரைத் திசைதிருப்புகிறது. இந்தக் கார்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு மின்சாரமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக, புளோயர் (காருக்குள் காற்று வீசும் விசிறி), வைப்பர், முன்விளக்கு போன்றவற்றுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் துணைச் சுவிட்ச்) தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. சாவி ஸ்டார்ட்டிலிருந்து ஆனுக்கு முழுமையாகத் திரும்பினால்தான் அவை மறுபடி உயிர்பெறும். சுவிட்சின் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துவிட்டால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புளோயரும் வைப்பரும் வேலை செய்யாமல் நிற்கும். சாவியைக் கையால் சற்றே பின்னோக்கித் தள்ளினால் உடனே ஓடும். இது தேய்ந்த சுவிட்சின் தெளிவான அடையாளம்.

புதிய சுவிட்ச் போட்ட பிறகும் அதே குறை தொடர்ந்தால், சுவிட்சின் காடி சிலிண்டரின் முனையோடு முழுமையாகப் பொருந்தாமல் ஓரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சாவி ஆன் வரை வந்து அதற்கு மேல் கல்லில் முட்டியதுபோல் நின்றால், சுவிட்ச் தன் கடைசி எல்லையை முன்கூட்டியே எட்டிவிட்டது என்று பொருள். சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பிய பின்னும் டாஷ்போர்டு விளக்குகள் அணையாவிட்டால், இசைவு எதிர்த்திசையில் தவறியிருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இக்கார்களில் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய முயன்ற பின், சாவியைப் பூட்டு நிலைவரை திருப்பிக் கொண்டுவந்தால்தான் மறுபடியும் ஸ்டார்ட்டுக்குப் போகும். ஓடும் இன்ஜினில் ஸ்டார்ட்டரின் பல் உரசாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இதை அறியாதவர்கள் ஆனிலிருந்து நேராக இரண்டாம் முறை திருப்பிப் பார்த்து, சாவி முட்டுகிறதே என்று நல்ல வேலையைப் பிரித்துவிடுவது உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் நெம்புகோல் ‘பி’ (பார்க்கிங்) நிலையில் இல்லாவிட்டால் சாவி வெளியே வராது என்பதையும், ஸ்டியரிங் வீல் ஒரு பக்கமாக இறுகி நின்றால் சாவி திரும்பவே திரும்பாது என்பதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீலை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பிப் பார்த்த பிறகே, இசைவு தவறிவிட்டது என்ற முடிவுக்கு வர வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தற்செயலாகத் திரும்பத் தொடாதபடி துணியால் மூடி வையுங்கள். சுவிட்சுக்கு வரும் கம்பிகளில் ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் சுமந்து வருவது; சாவியை உருவிவிட்டோம் என்ற தைரியத்தில் அதைத் தொடும் ஸ்குரூ டிரைவர், அருகில் உள்ள உலோகத்தையும் தொட்டால் தீப்பொறி பறக்கும். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் உண்டென்றால், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சுவிட்சை மாற்ற ஏர்பேக்கையோ ஸ்டியரிங் வீலையோ கழற்ற வேண்டியதில்லை. கை நுழையும் இடம் குறுகலாக இருக்கிறது என்பதற்காக அவற்றைக் கழற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏர்பேக்கின் இணைப்பு பிரிந்திருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்தால், அந்தக் கோளாறு கணினியில் பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை அழிக்க ஸ்கேனர் கருவி தேவைப்படும். இந்த வேலையில் இடையிடையே இக்னிஷனை ஆன் செய்து சோதிக்க வேண்டியிருப்பதால், ஏர்பேக்கைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பும் எளிமையும் ஆகும்.

தேவையான கருவிகள் சில மட்டுமே: நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், ஸ்டியரிங்கின் உயரத்தை மாற்றும் கைப்பிடியைக் கழற்ற ஆலன் கீ, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்துவது போன்ற மெல்லிய தட்டை முனை ஸ்குரூ டிரைவர், சிறிய டார்ச், வோல்ட் அளக்கும் மல்ட்டி மீட்டர் ஒன்று. சிலிண்டரையும் எடுக்க வேண்டியிருந்தால், ஏறக்குறைய 1.5 மி.மீ. குறுக்களவுள்ள விறைப்பான எஃகுக் கம்பி ஒன்றும் வேண்டும். காகிதக் கிளிப்பை நிமிர்த்திப் பயன்படுத்தினால் அது பாதி வழியில் வளைந்துவிடும். அதே அளவு டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பகுதி நன்றாக உதவும்.

சுவிட்சைக் கழற்றுதல்

உயரக் கைப்பிடியைக் கழற்றி, ஸ்டியரிங் தண்டின் கீழ் உறையின் அடியில் உள்ள ஸ்குரூக்களை எடுத்தால், உறையின் இரு பாதிகளும் பிரிந்து வரும். வயதான பிளாஸ்டிக் என்பதால், கொக்கிகள் விடுபடும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் நெம்ப வேண்டும். உறை விலகியதும், சாவி நுழையும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், கம்பிக் கொத்து செருகியிருக்கும் சுவிட்ச் தெரியும்.

இந்தக் கட்டத்தில், எதையும் கழற்றுமுன், சாவியை ஆன் நிலையில் நிறுத்துங்கள். பூட்டு நிலையைவிட ஆன் நிலையை நான் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனில் ஸ்டியரிங் பூட்டின் நாக்கு உள்ளிழுக்கப்பட்டு இருப்பதால் அதன் அழுத்தம் எதன் மீதும் விழாது. ஆனுக்கு ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் ஸ்டார்ட்டும் இருப்பதால், பொருத்திய பின் இரு திசையிலும் அசைத்துப் பார்த்துத் தவறைக் கண்டுகொள்ளலாம். பின்னால் சிலிண்டரையும் எடுக்க நேர்ந்தால், இந்தக் கார்களில் அது ஆன் நிலையில் மட்டுமே வெளிவரும். இனி நான் சொல்லும்வரை சாவியை யாரும் தொடக் கூடாது. கூட உதவிக்கு இருப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கம்பிக் கொத்தின் பிளக்கை நேராகப் பின்னோக்கி இழுத்து எடுத்த பின், சுவிட்சைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய ஸ்குரூக்களைத் தேட வேண்டும். அவற்றின் தலையில் தொழிற்சாலையிலேயே வண்ண அரக்குப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சை ஊசிமுனையால் முழுவதும் சுரண்டி, காடி தெளிவாகத் தெரியும்படி செய்த பிறகே ஸ்குரூ டிரைவரை வைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் பூச்சின் மேலேயே வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். அதன் பிறகு அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகும். இந்த ஸ்குரூக்களை முழுவதும் வெளியே எடுக்காமல், சுவிட்ச் விடுபடும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். சுவிட்ச் நேராகப் பின்னோக்கி வரும். வந்ததும் அதன் காடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து செய்யப்போகும் வேலைக்கு அந்தப் படமே அளவுகோல்.

இசைவுக்குக் கொண்டுவருதல்

புதிய சுவிட்சைக் கையில் எடுத்து, அதன் காடியில் தட்டை முனை ஸ்குரூ டிரைவரை வைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோடியில் அது உறுதியாக முட்டி நிற்கும். அதுவே பூட்டு நிலை. அங்கிருந்து மறுபக்கம் சுழற்றினால் ஓரிடத்தில் சொடுக்கென்று அமரும், அது ஆன். அதற்கும் அப்பால் தள்ளினால் சுருள்வில்லின் எதிர்ப்பு தெரியும். விட்டவுடன் தானாகவே ஆனுக்குத் திரும்பும். அந்தக் கடைசிப் பகுதி ஸ்டார்ட். இந்த மூன்றையும் விரலால் உணரும்வரை சுவிட்சைப் பொருத்த அவசரப்பட வேண்டாம். ஸ்டார்ட்டிலிருந்து அது சோம்பலாகத் திரும்பினாலோ, ஆனில் சொடுக்கு உணர்வே இல்லாவிட்டாலோ, புதியது என்பதற்காக அதைப் போட்டுவிடாமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அந்தச் சொடுக்கு உணர்வைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், அவற்றின் இக்னிஷன் சுவிட்சில் சாவியை ஆன் நிலையில் பிடித்து வைக்கும் பிடிப்பு போதாமல் இருந்ததே. கனமான சாவிக் கொத்தின் எடையாலோ முழங்கால் பட்டதாலோ சாவி ஏசிசி நிலைக்கு நழுவியது. ஓடும் காரில் இன்ஜின் நின்றது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் மோதலின்போது ஏர்பேக் விரியவில்லை. அந்தக் கோளாறோடு தொடர்புடையவை என்று இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

சுவிட்ச் நல்லது என்று உறுதியானதும், அதை ஆன் நிலையில் நிறுத்தி, படத்தில் உள்ள பழைய சுவிட்சின் கோணத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு கார்ப் பக்கம் டார்ச் அடித்து, உறைக்குள் தெரியும் சிலிண்டரின் பின்முனை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். பொருந்தினால், சுவிட்சைக் கையால் தள்ளும்போதே அது எதிர்ப்பில்லாமல் உள்ளே போய், அதன் விளிம்பு உறையின் முகத்தோடு இடைவெளி இல்லாமல் படியும். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி நின்றாலும் இசைவு வரவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த இடைவெளியை ஸ்குரூவை இறுக்கி மூட முயல்வதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஸ்குரூ சுவிட்சை உள்ளே இழுக்கத்தான் செய்யும். ஆனால் காடியின் சுவர் விரிசல்விடும், அல்லது உள்ளே சுழலும் பகுதி கோணலாக அமரும். அன்றைக்கு வண்டி ஓடிவிட்டாலும், சில வாரங்களில் பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும்.

இடைவெளி நின்றால் சுவிட்சை வெளியே எடுத்து, காடியை ஓர் இம்மி இரு பக்கமும் அசைத்து மீண்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் அமராவிட்டால், சுவிட்சைப் பிடித்துத் தள்ளியபடியே சாவியை ஆன் நிலையின் இரு பக்கமும் மயிரிழை அளவு அசைக்கலாம். சிலிண்டருக்குச் சிறிதளவு ஆட்டம் இருக்கும் என்பதால் முனை காடியைக் கண்டுபிடித்து உள்ளே விழும். இதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் வேறேதோ தவறு இருக்கிறது: பாகம் வேறு மாடலுக்கானதாக இருக்கலாம், அல்லது சிலிண்டரின் முனை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

சுவிட்ச் படிந்ததும் ஸ்குரூக்களை இப்போதைக்கு விரல் இறுக்கத்தில் மட்டும் விட்டு, சாவியைப் பூட்டு, ஆன், ஸ்டார்ட் என்று மூன்று நிலைக்கும் பல முறை கொண்டு போய் வாருங்கள். பேட்டரி இன்னும் இணைக்கப்படவில்லை என்பதால் எதுவும் இயங்காது. கவனம் முழுவதும் கையின் உணர்விலேயே இருக்கட்டும். பூட்டு நிலையில் சாவி தடையின்றி வெளியே வர வேண்டும்; ஸ்டார்ட்டிலிருந்து விட்டவுடன் ஆனுக்குத் துள்ளி வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஸ்குரூக்களை இறுக்குங்கள். பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் சிறிய ஸ்குரூக்கள் அவை. அவற்றுக்கு அதிக முறுக்கு வேண்டாம். பழையபடி தலையில் ஒரு துளி நகப் பூச்சு வைத்தால் அதிர்வில் தளராது. அதைக் கடைசியில், மின் சோதனையும் முடிந்த பிறகு செய்யலாம்.

மின் சோதனை

கையின் உணர்வு சரியாக இருந்தும் மின் தொடர்பு தாமதமாக வரலாம் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது. ஜெர்மன் கார்களில் கம்பி முனைகளுக்கு டி.ஐ.என். 72552 என்ற தர அட்டவணைப்படி எண்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மின் வரைபடங்களிலும் அவற்றைக் காணலாம். 30 என்பது பேட்டரியிலிருந்து நேரே வருவது. சாவி எங்கே இருந்தாலும் அதில் பேட்டரியின் வோல்ட் இருக்க வேண்டும்; ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் அது சற்றுக் குறையும். 15 என்பது இன்ஜினுக்கான இக்னிஷன் மின்சாரம்; ஆனிலும் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டிலும் அறுபடாமல் தொடர வேண்டும். 50 என்பது ஸ்டார்ட்டருக்குப் போவது. ஸ்டார்ட்டில் மட்டும் வர வேண்டும். எக்ஸ் என்று குறிக்கப்படும் முனை, புளோயர் முதலியவற்றின் ரிலேக்கு உரியது; ஆனில் இருந்து, ஸ்டார்ட்டில் மறைந்து, மீண்டும் ஆனில் வர வேண்டும். எஸ் என்ற முனை ரேடியோவுக்கானது. சாவியைத் திருப்பி அணைத்த பின்னும், அதை உருவும்வரை உயிரோடு இருக்கும்.

கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, பேட்டரியை இணைத்து, மல்ட்டி மீட்டரின் கறுப்பு முனையை உடலில் உள்ள நல்ல எர்த் புள்ளியில் தொட்டு, ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். இதில் என் அனுபவத்தில் அதிகம் தவறுவது 15-ஆம் முனையே: ஸ்டார்ட்டில் அது அறுபட்டால் இன்ஜின் சுழன்றுகொண்டே இருக்கும், பற்றாது, சாவியை விட்ட கணத்தில் பற்றியதுபோல் ஓர் உதறு உதறும். அது பெட்ரோல் கோளாறு அல்ல. முன்விளக்கையும் புளோயரையும் ஓடவிட்டு, 30-க்கும் எக்ஸுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. அதற்கு மேல் இருந்தால், பிளக்கின் முனைகளில் சூட்டால் கருத்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய சுவிட்ச் எரிந்ததே அந்தத் தளர்ந்த முனையால் இருக்கக்கூடும், அதைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் எரியும்.

இன்ஜின் பற்றி, ஓரிரு வினாடியில் நின்றுவிட்டால், அது இசைவு தொடர்பான கோளாறு அல்ல. சாவியின் தலையில் உள்ள சிப்பைப் படிக்கும் கம்பிச் சுருள் சிலிண்டரின் வாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. உறையைக் கழற்றும்போது அதன் மெல்லிய பிளக் கழன்றிருந்தால் இம்மொபைலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை நிறுத்திவிடும். பிளக்கைச் செருகினால் சரியாகும்.

சிலிண்டரையும் எடுக்க வேண்டியிருந்தால்

சிலிண்டரின் முனை முறுக்கிக்கொண்டதாலோ சாவியே தேய்ந்துவிட்டதாலோ சிலிண்டரை எடுக்க நேர்ந்தால், சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தவுடன் சாவித் துளையின் அருகில் ஒரு நுண்துளை தெரியும். கம்பியை அதற்குள் விட்டு உள்ளிருக்கும் தாழை அமுக்கியபடி சாவியைப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் முழுதாக வெளியே வரும். வெளியே வந்த சிலிண்டரில் சாவியைத் திருப்பவும் கூடாது, உருவவும் கூடாது. கம்பியையும் எடுக்கக் கூடாது. மூன்றும் இருந்தபடியே இருந்தால் திரும்பச் செருகுவது எளிது. புதிய சிலிண்டரையும் சாவியோடு ஆன் நிலைக்குத் திருப்பி, கம்பியைச் செருகிய பின்னரே உறைக்குள் தள்ள வேண்டும். அது முழுவதும் அமர்ந்ததும் கம்பியை உருவி, சாவியைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். தாழ் பிடித்திருந்தால் சிலிண்டர் அசையாது. சிலிண்டரை முதலில் அமர்த்தி, சுவிட்சை அதற்குப் பிறகு பொருத்துவதே வரிசை. புதிய சாவியின் சிப்பைக் காரின் கணினியோடு பதிவு செய்யாமல் இன்ஜின் ஓடாது என்பதையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பித் தண்டால் இயங்கும் சுவிட்ச்

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1969 மாடல் முதல் சாவி டாஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு இடம் மாறியது. அக்காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மின் சுவிட்ச் சிலிண்டரின் பின்னால் இல்லை. ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதியில் தள்ளி இருக்கும். சிலிண்டர் ஒரு சிறிய பற்சக்கரத் துண்டைச் சுழற்றுகிறது. அது பற்சட்டம் ஒன்றை நகர்த்துகிறது. அதோடு இணைந்த நீண்ட கம்பித் தண்டு சுவிட்சின் வழுக்கியை இழுத்துத் தள்ளுகிறது. இந்த அமைப்பில் சுவிட்சின் ஸ்குரூத் துளைகள் நீள்வட்டமாக இருப்பதால், சுவிட்சையே முன்னும் பின்னும் நகர்த்தி இசைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இங்கே சிலிண்டரை எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்தக் காருக்கான பட்டறைக் கையேட்டைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. முறை மட்டும் பொது: சிலிண்டரைக் குறிப்பிட்ட நிலையில் நிறுத்தி, சுவிட்சின் வழுக்கியை அதே நிலைக்கு நகர்த்தி, அதற்கென்று உள்ள துளையில் ஊசி செருகி அசையாமல் பிடித்து, தண்டின் முனையை வழுக்கியில் மாட்டி, சுவிட்சை மெல்ல நகர்த்தித் தண்டின் தொய்வை நீக்கி, ஸ்குரூக்களை இறுக்கி, கடைசியில் ஊசியை மறக்காமல் எடுக்க வேண்டும். ஊசி உள்ளேயே இருந்தால் சாவி திரும்பாது. பலமாகத் திருப்பினால் தண்டு வளையும். எவ்வளவு நகர்த்தியும் எல்லா நிலையும் ஒருசேர வராவிட்டால், மேலே பற்சக்கரமும் பற்சட்டமும் ஒரு பல் தள்ளிக் கோத்திருக்கின்றன. அதைச் சுவிட்சின் பக்கம் சரிசெய்ய முடியாது; மேல் உறையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்டியரிங் பூட்டைச் சோதித்தல்

எந்த வகைக் காராக இருந்தாலும், சாலைக்கு எடுக்கும் முன் ஸ்டியரிங் பூட்டைச் சோதித்தே ஆக வேண்டும். நின்ற வண்டியில் சாவியை உருவி, வீலைத் திருப்பினால் பூட்டு சொடுக்கென்று விழ வேண்டும். சாவியை ஆன் செய்து வீலை இரு கோடிகளுக்கும் திருப்பினால் எங்கும் உரசலோ தட்டலோ இருக்கக் கூடாது. ஒருமுறை தட்டினாலும் வண்டியை எடுக்க வேண்டாம். ஓடும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவரால் வண்டியைத் திருப்ப முடியாது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் சாவி ஓரிடத்தில் சிக்கினால், சுவிட்சையும் சிலிண்டரையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள உலோக உறையைப் பாருங்கள். பல ஆண்டுகள் பலமாகத் திருகப்பட்ட உறையின் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம், ஸ்டியரிங் நாக்கை நகர்த்தும் பகுதி தேய்ந்திருக்கலாம். அந்த உறையைத் தண்டோடு பிடித்திருப்பவை, இறுக்கும்போதே தலை முறிந்துவிடும் வகைப் போல்ட்டுகள். அவற்றைத் துளையிட்டோ உளியால் தட்டித் திருப்பியோதான் எடுக்க முடியும், அதற்கு ஸ்டியரிங் வீலையும் ஏர்பேக்கையும் கழற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் வேலையை, ஏர்பேக்கைக் கையாளப் பழகிய மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள். நீங்கள் எடுத்த படங்களையும் அளந்து குறித்த வோல்ட் கணக்கையும் அவரிடம் காட்டினால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.